கல், கள்

கண்டமுத்தன் அப்போது தென்னை உச்சியில் இருந்தார்.
விடியாத ஐந்தேகாலுக்கு வேலந்தாவளத்தில்
அவ்வளவு உயரத்தில் விழித்திருந்தவர் அவர் ஒருவர்தான்.
பச்சையாய் ஒரு கோடு, பிறகு ஆரஞ்சு,
பிறகு கிழக்கே ஒன்றுமில்லை.

சத்தம்?
"உடனே வரல்லை. நான் பாட்டுக்குப் பாளையைத் தட்டிட்டிருந்தேன்."
எத்தனை தட்டு?
"நூத்தியெண்பது."
எண்ணினீர்களா என்றேன்.
எண்ணாமல் தட்டினால் பாளை வெடிக்கும் என்றார்,
என் படிப்பில் ஏதோ ஓட்டை கண்டவர்போல.

கைக்கடிகாரத்தைக் கழற்றி, மறுபடி தட்டச் சொன்னேன்.
தரையில் நின்று, பாளைக்குப் பதில் தன் தொடையில்
அந்த எலும்பால் தட்டிக் காட்டினார்.
நொடிக்கு இரண்டு. பிசகவே இல்லை.
ஆக, தொண்ணூறு நொடி. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர்.
முப்பது கிலோமீட்டர் தொலைவில் உடைந்திருக்கிறது
என்று குறிப்பேட்டில் எழுதி,
கருவி என்ற இடத்தில்
'எலும்பு, ஒன்று' என்று போட்டேன்.

கல் எங்கே?
கள்ளுஷாப்பில்.
பதினொரு நாளாய்க் குடத்து மூடிமேல் பாரமாக.
கணவாய்க் காற்று அடிக்கிற மாதம்,
விட்டால் மூடி பொள்ளாச்சிக்குப் போய்விடும்.

மீன் தராசில் முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
கருகிய தோலில் கட்டைவிரல் அமுக்கியதுபோல் பள்ளங்கள்.
காந்தம் தயங்கித்தான் பிடித்தது.
உடைந்த முகத்தில் கடுகு கடுகாய் உருண்டைகள்,
நடுவே தேங்காய்ச் சில்லு நிறத்தில் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.
கப்பையா கறியா என்று வந்த பையனிடம்
தண்ணீர் கேட்டேன்.

நானூற்று ஐம்பத்தாறு கோடி வருஷம்.
கோள் என்று ஒன்றும் இல்லாதபோது
முதன்முதலில் இறுகிய துணுக்கு.
மற்றதெல்லாம் திரண்டு, உருகி,
இரும்பு அடிக்குப் போய், பாறை மேலே மிதந்து,
மலையும் கணவாயும் வாளையாற்றுச் சுண்ணாம்புமாய் ஆனபோது
இது சேரவில்லை.
ஆறு வருஷம் நான் படித்த ஜியாலஜி
இதற்கு நடக்கவே இல்லை.

சாவடியில் பையை மோந்து
ஏட்டு இன்னாசிமுத்து கேட்டார்: கள்ளா?
கல் என்றேன்.
அதைத்தான் கேக்கறேன், கள்ளா?
கல் சார்.
அந்தப் பக்கம் குடிக்கலாம், இந்தப் பக்கம் கூடாது.
இரண்டுக்கும் நடுவே எல்லை
நாக்கு மடங்கும் அளவுதான்.

பொட்டலம் பிரிந்தது. முகம் சுளித்தார்.
"கனிமம்னா பர்மிட் வேணும். எங்கேர்ந்து வருது?"
படிவத்தில் 'புறப்பட்ட இடம்' என்று
தீப்பெட்டி அகலத்தில் ஒரு கட்டம்.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே என்றேன்.
"தேதி கேக்கலைம்மா" என்று சொல்லிக்கொண்டே
புதன் என்று எழுதி
முத்திரை குத்தினார்.
திருத்தவில்லை. எனக்குப் பின்னால் ஒரு கோழி வண்டி
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் அகமதாபாத்திலிருந்து பரோமிதா கூப்பிட்டாள்.
உன் கல்லை ஆவியாக்கிப் பார்த்தேன்,
வரைபடத்தில் மூன்று முகடு.
ஒன்று சாராயம். அதை மன்னிக்கிறேன்.
ஒன்று நிச்சயம் மேலே இருந்து வந்தது.
மூன்றாவது புளித்ததா, பிறந்ததா,
எனக்குத் தெரியவில்லை.
ஒப்பிட்டுப் பார்க்க அதே குடத்துக் கள் அனுப்பு.

கண்டமுத்தன் காசு வாங்கவில்லை.
தன் பெயரை அறிக்கையில் போடுவீர்களா என்றும் கேட்கவில்லை,
தட்டு எண்ணிக்கையைச் சரியாகப் போட்டீர்களா என்றார்.

இப்போது வரிசையில் நிற்கிறேன்.
முன்னால் ஏழு லாரி. வைக்கோல், செங்கல், மறுபடி வைக்கோல்.
மடியில் கார்க் அடைத்த குப்பி, மெல்ல நுரைக்கிறது.
சாவடி விளக்கடியில் இன்னாசிமுத்துதான்.
பையில் என்ன என்று கேட்பார்.
ஒரே எழுத்துதான்.
வாய்க்குள் நாக்கை
எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.