ஏழு தீப்பெட்டிகள்

வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தீப்பெட்டி மணல்
என்றுதான் சொல்லியிருந்தேன்.
மூக்கையூர், நான்காம் வகுப்பு, பதினோரு பேர்.
திங்கட்கிழமை வந்தவை ஏழு.
மற்ற நாலு வீட்டில்
குச்சி இன்னும் தீரவில்லையாம்.

வெள்ளைத்தாளில் கொட்டும் முன்பே
மின்விசிறியை நிறுத்த ஓடினாள் பிரிசில்லா.
எனக்கு அது தோன்றவில்லை.

சாயல்குடித் தேரியிலிருந்து வந்தது சிவப்பு,
தொட்டவர் ரேகையெல்லாம் காவி.
பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை
அதற்குள் விட்டு எடுத்தேன்.
"டீச்சர், மீசை முளைச்சிருச்சு!"
உதறினாலும் உதிராத கறுப்பு மீசை.
அதைத் தன் உதட்டின்மேல் வைத்துப் பார்த்து
ஜெர்சன் மூன்று முறை தும்மினான்.

நிரோஷாவுக்கு தனுஷ்கோடியில் சித்தி.
அவள் கொண்டுவந்த வெளுத்த மணலில்
லென்ஸை வைத்தால் பாதி கல்லே இல்லை:
சங்கின் முதுகுச் சில்லு, சிப்பி விளிம்பு,
ஊதாவாய் எதுவோ ஒன்றின் முள்.
எலுமிச்சை பிழிந்தேன், பொசுபொசுவென்று நுரைத்தது.
தேரி மணலிலும் பிழிந்தேன்,
சும்மா நனைந்தது.
"அதுக்கு வலிக்குதா டீச்சர்?"
கரையுது என்றேன்.
அவள் கேட்டது அதையில்லை.

இபுராம்சாவின் பெட்டியில் சாம்பல் நிறம்.
அவன் வாப்பா கட்டும் வீட்டுக்கு
லாரி கொட்டிய எம்-சாண்ட்.
இது சேராது என்று ஒதுக்கப் போனேன்.
அதற்குள் லென்ஸ் அவன் கையில்.
வடிவம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தான்:
எல்லாத்துக்கும் மூக்கு இருக்கு.
இன்னும் உருளலை.

அட்டவணையில் நான் போட்டது
நிறம், அளவு, வடிவம், கிடைத்த இடம்.
வாசனை என்று ஐந்தாவதாக
யாரோ கோடு கிழித்துச் சேர்த்திருந்தார்கள்.
எல்லாவற்றுக்கும் நேராக
கருவாடு, கருவாடு, கருவாடு,
தேரிக்கு மட்டும் பனங்காய்.

ரீகனின் பெட்டி கடைசி.
சிவப்பில் நாலைந்து, வெள்ளை, கறுப்பு,
நீல வலைநூல் ஒரு துணுக்கு.
எங்கே அள்ளினாய்?
"எங்கப்பா படுக்குற பாயில."
கிடைத்த இடத்துக்கு நேராக
என்ன எழுதுவது என்று
பத்துப் பேரும் சண்டை போட்டார்கள்.
மூக்கையூர் என்றார்கள், கடல் என்றார்கள், ரோச்மாநகர் என்றார்கள்.
மணி அடித்தது.
யாரோ மின்விசிறியைப் போட்டார்கள்.

இன்று வருகைப்பதிவேட்டைத் திறந்தேன்,
நறநறவென்றது.
பெயர் கூப்பிடாமல்
கொஞ்ச நேரம் குனிந்து
லென்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.