வருகையின் நோக்கம்

பணகுடியில், உச்சிமாகாளியின் ஜெராக்ஸ் கடை மேசையில்
என் கல்யாணம் இரண்டு கோப்புகளாகக் கிடந்தது.

பச்சைக் கோப்பு,
எப்சிபாவோடு சாகும்வரை சேர்ந்திருப்பேன் என்பதற்கு.
சபைப் பதிவேட்டின் நகல், ஆல்பத்திலிருந்து நாற்பது படம்,
நடுராத்திரி அழைப்புகளின் பட்டியல்.
என்ன பேசினோம் என்று யாரும் கேட்கவில்லை.
எத்தனை நிமிடம் என்று கேட்டிருந்தார்கள்.
அசல் போய்ச் சேர்ந்து பத்தொன்பது மாதம்.
பரிசீலனையில் இருக்கிறது.

நீலக் கோப்பு,
ஆறே மாதத்தில் அவளை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்பதற்கு.
வி.ஏ.ஓ. மதிப்புப் போட்டுக் கொடுத்த
நாற்பத்தேழு சென்ட் பொட்டல்,
பைக்கின் ஆர்.சி. புத்தகம்,
காற்றாலைக் கம்பெனி மேலாளரின் கடிதம்:
வைகாசிக் காற்றுக்கு முன்
இவர் வேலையில் இருந்தாக வேண்டும்.

ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே கேட்டான் உச்சிமாகாளி,
"ரெண்டும் உண்மைதானாண்ணே?"
"ரெண்டும் உண்மைதாம்டே."
"அப்பம் கோப்பு மாறிராமப் பாத்துக்கிடுங்க."

பெரிய பெட்டி வேண்டாம் என்றாள் போனில்.
தங்க வந்தவன் மாதிரித் தெரியுமாம்.
மூன்று சட்டை, ஒரு சாரம், அவள் கேட்ட முறுக்கு அச்சு.
குடும்பம் நடத்தப் போகிறவன் அல்ல என்று
பெட்டியே எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டும்.
இரண்டாவது ஜோடி செருப்பை
எடுத்து வைத்தேன், எடுத்து வெளியே வைத்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு
என் வயதுதான் இருக்கும். தடுமன் பிடித்திருந்தது.
எதற்கு வந்தாய்?
மனைவியைப் பார்க்க.
பார்த்துவிட்டு?
நான்கு வருடத்தில் அந்தக் கேள்விக்கு மட்டும்
நான் தயாராகவில்லை.
முறுக்கு அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
திரும்பிப் போவாயா?
போகும்போதும் 'வாரேன்' என்றே சொல்கிற ஊர்க்காரனிடம்
இதை எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.
ஆமாம் என்றேன். முத்திரை விழுந்தது.
அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவள் வீட்டில் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன,
பல் துலக்கும் பிரஷ் முதற்கொண்டு.
பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன், காலி செய்யவில்லை.
அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபின்
வெளியே பனி விழுவதைப் பார்த்திருப்பேன்.
ஒருநாள் ஒழுகிய குழாயைச் சரிசெய்தேன்.
சாயங்காலம் கேட்டேன், "விசிட்டர் வேலை செய்யக்கூடாதே,
இது வேலையா?"
சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள்
எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து விட்டாள்.

சித்திரையில் மேலாளர் போன் போட்டார்.
இந்த வருடம் காற்று முந்துகிறதாம்.

பணகுடியில் இறங்கியதும்
சலூன்காரர் கேட்டார், "எப்பம் வந்திய? எப்பம் போறிய?"
கோயில்குட்டியார் கேட்டார், "எத்தன நாள் லீவு?"
டீக்கடையில், யாரென்றே தெரியாத ஒருவர்,
"இங்கதான் இருப்பியளா, இல்ல..."
எல்லோருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னேன்.
பழக்கமாகிவிட்டது.
இங்கே யாரும் முத்திரை குத்துவதில்லை, அவ்வளவுதான்.

இன்று பதினேழாம் நம்பர் காத்தாடி.
எண்பது மீட்டர் ஏணி. ஊரிலேயே
சிக்னல் முழுதாகக் கிடைக்கிற இடம்.
மேற்கே மலை தொட்டுவிடுகிற தூரத்தில்,
கிழக்கே கடல் ஒரு தகரக் கீற்று.
ஸ்பானரை இடுப்பில் செருகிவிட்டு எடுத்தேன்.

"எங்க நிக்கிய?"
சொன்னேன்.
"பெல்ட் போட்டிருக்கியளா?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.

"பதினோரு நாள் மிச்சம் வச்சுட்டுப் போயிட்டிய," என்றாள்,
"காலண்டர்ல பாத்தேன்.
அதுல ரெண்டு ஞாயித்துக்கிழம.
ரெண்டும் எனக்கு லீவு."