பிரேக் பிடிக்கும் தூரம்

கடை முழுக்க ஒரே நீர்வீழ்ச்சி.
முப்பத்தொரு திரையில் ஒரே நேரம் விழுகிறது,
ஒவ்வொன்றிலும் வேறு நீலம்.
வெளியே வினிபெக், மைனஸ் இருபத்தெட்டு.
மூக்குக் கண்ணாடியில் பனி உருகி
எனக்கு மட்டும் எல்லாம் இரண்டிரண்டாய் விழுகிறது.

றொமேல் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
எழுபத்தைந்து அங்குலத்தின் முன்னால் நிறுத்தினான்.
நீர்வீழ்ச்சி முடிந்து கிளி வந்தது.
சிறகின் மயிரைக்கூட எண்ணலாமாம்.
நான் கிளி பார்க்க வரவில்லை.

கைப்பையைத் திறந்தேன்.
சாப்பாட்டுப் பெட்டிக்கும் கையுறைக்கும் நடுவில்
மகனின் பழைய கொன்ட்ரோலர்,
இடது பெருவிரல் தேய்த்த பள்ளத்தோடு.
"இதைக் கொழுவித் தா.
நான் அமத்தினதுக்கும் அங்கை சுடுறதுக்கும் நடுவில
எவ்வளவு நேரம் எண்டு பார்க்கவேணும்."

பதினொரு வருசம் பஸ் ஓட்டுகிறேன்.
போர்ட்டேஜ் வீதியின் கறுப்பு ஐஸில்
காலை அழுத்திய பிறகும்
நாற்பது அடி தன் எண்ணத்துக்குப் போகும் வண்டி.
அந்த நாற்பது அடிக்குள்தான் ஆட்கள் கடக்கிறார்கள்,
தொலைபேசியைப் பார்த்தபடி.
தாமதம் என்றால் என்னவென்று
எனக்குப் பெட்டியில் அச்சடித்துச் சொல்லத் தேவையில்லை.

யதுசன் ஒரு கிழமை என்னோடு, ஒரு கிழமை தகப்பனோடு.
பிரிந்தபோது ரீவி அவருக்கு, ரைஸ் குக்கர் எனக்கு.
சட்டத்தரணி அதையும் எழுதினார், தனி வரியில்.
பிறகு என் கட்டடத்துக் குப்பை அறையிலிருந்து
ஒன்றைத் தூக்கி வந்து துடைத்து வைத்தேன்.
"இங்கை விளையாடேலாதம்மா, இழுக்குது.
அப்பா வீட்டில இழுக்காது."
அவன் ரீவியைத்தான் சொன்னான்.
அன்றிரவு தோய்த்த உடுப்பை
மூன்று தரம் மடித்தேன்.

விரலும் திரையும் ஒன்றாய்த் தெரிய
தொலைபேசியில் மெதுவாக்கிப் படம் பிடித்தேன்.
றொமேல் சிரிக்கவில்லை, பக்கத்தில் குந்தினான்.
விரலுக்கும் வெடிக்கும் நடுவில்
இருபத்தெட்டுப் படம் எண்ணினோம்.
கிளி அழகுதான்.
வெடி வந்த பிறகு பறக்கிற கிளி.

அவன் ரிமோட்டைத் தட்டி கேம் மோட் போட்டான்.
நீலம் வெளிறியது, வெடி கிட்ட வந்தது.
ஒவ்வொரு படத்துக்கும் பூச்சுப் பூசி
அனுப்புகிற நேரம்தானாம் இந்தத் தாமதம்.
கலியாண வீட்டுக்கு வெளிக்கிடுகிற மாதிரி.

பிறகு குரலை இறக்கினான்.
மூலையில் ஒன்று இருக்கிறதாம்,
யாரோ திருப்பிக் கொடுத்தது, நிற்கும் காலில் கீறல்,
நாற்பத்தெட்டு அங்குலம்,
செக்கனுக்கு நூற்றிருபது தரம் படம் மாற்றுமாம்.
எண்ணினோம். பன்னிரண்டு.
இன்னொரு தரம். பன்னிரண்டு.
தையல் நாடாவால் அளந்தேன்:
ஹீற்றருக்கும் பல்கனிக் கதவுக்கும் நடுவில்
அகலம் சரி, ஒரு விரல் மிச்சம்.
விலை இரண்டு ஞாயிறு ஓவர்டைம்.

வெள்ளிக்கிழமை வந்தான், சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.
என்னையும் இழுத்து உட்கார்த்தினான்.
ஆறு தரம் செத்தேன்,
ஒரு தரம் என் குண்டிலேயே.
"என்ன, இன்னும் இழுக்குதோ?"
"ரீவி இழுக்கேல்லை.
நீங்கள்தான் இழுக்கிறியள்."
சொல்லிவிட்டு ஏழாம் தரமும் சுட்டான்.
குக்கர் விசில் அடிக்காத சாதி,
சோறு குழைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

திங்கள் பின்னேரம் தகப்பன் வந்து கூட்டிப் போனார்.
நான் செய்தி போட்டேன்.
வானிலை சொல்கிறவள் காய்ச்சல்காரி போல வெளிறித் தெரிகிறாள்,
அவளுக்குப் பின்னால் மனிற்றோபா சாம்பல் நிறம்.
கேம் மோட். ஒரு பொத்தான்தான், மாற்றலாம்.
நாளைக்கு மைனஸ் முப்பதாம்.
எனக்கு ஐந்து மணிக்குப் பஸ்.