சேஃப்டி ஷூ

அஞ்செட்டி வரை பஸ்.
பிறகு வனத்துறை ஜீப், அதன் பிறகு கால்.
ஏறும் முன் ஆளுக்கொரு கையெழுத்து வாங்கினார்கள்.
யானை மிதித்தால் யாரும் பொறுப்பில்லை என்கிற மாதிரி
ஏதோ எழுதியிருந்தது.
தில்ஷாத் படிக்காமல் போட்டாள்.
நான் இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டேன்.

மற்ற எட்டுப் பேரும் பெங்களூர்க்காரர்கள்.
கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் மலை ஷூ,
முதுகுப் பையிலிருந்து வாய்வரை நீளும் தண்ணீர்க்குழாய்.
என் காலில் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ.
இரும்பு மூக்கு வைத்தது,
ஓசூர் மெஷின் ஷாப்பின் எண்ணெய் குடித்துக் கறுத்தது.
இதைவிடக் கெட்டியாக என்னிடம் வேறெதுவும் இல்லை.

வாட்ச்சர் லக்கப்பன் முன்னால் நடந்தார்.
உண்ணிப்புதர், உசில், மறுபடி உண்ணிப்புதர்,
பாறை, பாறைமேல் வெயில்.
வழியில் கிடந்த லத்தியில் விரல் நுழைத்துப் பார்த்து
‘நேத்து ராத்திரி, பத்து பத்தரை’ என்றார்,
தவறிப்போன பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறவர் போல.
ஓடையோர மருதமரத்தில் ஒரு சாம்பல் அணில்
வாலை மட்டும் தனியே காயப்போட்டிருந்தது.
எட்டு கேமராவும் நிமிர்வதற்குள்
சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

முகாமைச் சுற்றி யானை அகழி.
இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் காடு என்றான் ஒருவன்.
லக்கப்பன் சிரித்தார்,
எந்தப் பக்கத்துக்காகச் சிரித்தாரோ.
ராகிக் களியும் கொள்ளுச் சாறும் தின்று
கூடாரங்களுக்குள் எல்லோரும் அணைந்து போனார்கள்.
தில்ஷாத்தின் குறட்டை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு மூன்று வாரமாக மூன்றாம் ஷிஃப்ட்.
ராத்திரி இரண்டு மணி என்றால்
என் உடம்புக்கு டீ நேரம்.
வெளியே வந்து உட்கார்ந்தேன்.
கணப்பில் ஒரு கட்டை திரும்பிப் படுத்தது.
அப்போது கேட்டது,
யாரோ ஈர்க்குமாற்றை உதறுகிற சத்தம்.

முள்ளம்பன்றி.
நான் நினைத்திருந்ததைவிடப் பெரிது,
கல்யாண வீட்டு அண்டாவைக் கவிழ்த்த அளவு.
கூடார வாசலில் வரிசையாகப் பதினெட்டு ஷூ.
ஒவ்வொன்றாக மோந்துகொண்டே வந்தது.
மலை ஷூக்கள் ஒன்றும் பிடிக்கவில்லை.
என்னுடையதில் நின்றது.
வலது கால் ஷூவை முன்னங்கால்களால் கட்டிப்பிடித்து
நாக்குப் பட்டையிலிருந்து ஆரம்பித்தது.

விரட்டியிருக்கலாம்.
கையெட்டும் தூரத்தில் கம்பு கிடந்தது.
என் ஆறு மாத வியர்வையை
அது கண்ணை மூடி ருசித்துக்கொண்டிருந்தது.
எத்தனை ஓவர்டைம் அதில் ஊறியிருந்ததென்று
எனக்கே தெரியாது.
சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

திடீரென்று தூரத்தில் மூங்கில் முறிந்தது.
ஒன்று.
இடைவெளி.
பிறகு ஒரு குத்து மொத்தமாக.
அது மெல்லுவதை நிறுத்தியது, நான் மூச்சை.
இருவரும் ஒரே பக்கம் தலையைத் திருப்பி
ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம்.
பின்பு அது தன் வேலையைத் தொடர்ந்தது.

விடிந்ததும்
யானை பார்க்காததற்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று
ஒருவன் நிஜமாகவே கேட்டான்.
அகழியோரம் கிடந்த என் ஷூவை லக்கப்பன் எடுத்துவந்தார்.
இரும்பு மூக்கைத் தவிர அதிகம் மிச்சமில்லை.
‘உப்புக்கு வரும் அது. கோடாலிக் காம்பையே தின்னும்’ என்று
தன் பழைய ரப்பர் செருப்பில் ஒன்றைத் தந்தார்.
இடது காலில் இரும்பு, வலது காலில் ரப்பர்.
டொக், சப், டொக், சப் என்று மலை இறங்கினேன்.
தில்ஷாத் வழியெல்லாம் சிரித்தாள்,
எழுப்பவில்லையே என்று திட்டவும் செய்தாள்.

திங்கட்கிழமை, ஸ்டோர்.
ரெஜினா ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினாள்.
காரணம் என்ற கட்டத்தில் எனக்கு மேலே
அடிப்பாகம் பிளந்தது, ஆசிட் பட்டது, அடிப்பாகம் பிளந்தது.
‘தேய்மானம்னு போட்டுடுக்கா’ என்றாள்.
கட்டம் சின்னது. நெருக்கி எழுதினேன்:
முள்ளம்பன்றி.
படித்தாள். ஷூவைப் பார்த்தாள். பல் தடத்தில் விரல் வைத்தாள்.
‘பாதி விலை சம்பளத்துல பிடிப்பாங்க, பரவாயில்லையா?’

புதியதைப் போட்டு
நாலடி நடந்து பார்த்தேன்.
கடிக்கிறது.