உப்பு இன்னும் உறையவில்லை

அம்பத்தூர் எஸ்டேட், தகரக் கூரைக்கு மேலே
பதினான்கு கண்ணாடித் தொட்டிகள்
வானத்தை ஏந்தி வளைந்து கிடக்கின்றன.
காலை ஆறரைக்கு ஈரத்துணியோடு ஏறுகிறேன்.
லாரிப் புழுதி, காக்கை எச்சம்,
இரண்டுக்கும் நடுவே தலைகீழாய் என் முகம்.

வெயிலில் கரண்ட் என்றால்
எல்லாரும் நீலத் தகடு என்கிறார்கள்.
இது அதுவல்ல. இது சமையல்.
வளைவெங்கும் விழுந்த ஒளி
கட்டைவிரல் தடிமனில் ஒரு குழாய்மேல் வந்து கூடும்.
உள்ளே எண்ணெய் முந்நூற்றைம்பது டிகிரிக்கு ஏறி
பக்கத்துக் குழாய்த் தண்ணீரைச் சுட,
ஆவி சக்கரத்தை உதைக்க,
சக்கரத்தோடு காந்தம் சுழல,
செம்புச் சுருளில் ஏதோ ஓடத் தொடங்கும்.
எண்ணூரில் நிலக்கரி செய்வதும் இதைத்தான்.
டர்பைனுக்குத் தெரியாது
அடுப்பில் எரிவது எதுவென்று.

ஆனால் இந்த ஊர்!
கத்திரியிலும் கடல் மூச்சுவிடுகிறது.
உடம்பு வேகும், சட்டையைப் பிழியலாம்,
மீட்டர் முள் மட்டும் அசையாது.
ஈரக்காற்று சிதறடித்த ஒளியைக்
கண்ணாடியால் திரட்ட முடியாது.
பொறியாளர் ஜெபசீலி கருவியை நம்புமுன்
கையை நீட்டித் தரையைப் பார்ப்பாள்.
ஐந்து விரலின் நிழலும் தனித்தனியே விழுந்தால்
"ஓட்டலாம்."
விளிம்பு கரைந்திருந்தால்
"டீ சொல்லு."

இன்று விழுந்தது, பிளேடால் அறுத்த மாதிரி.
நாலு மணி வரை
தொட்டிகள் சூரியன் பின்னாலேயே கழுத்தைத் திருப்பின.
பாதியை அப்போதே செலவழித்தோம்.
மீதியை உப்பில் போட்டோம்.

குழம்புக்கு ஆகிற உப்பு இல்லை,
உரமூட்டைச் சாதி, நைட்ரேட்.
இருநூற்று நாற்பதுக்குக் கீழே போனால் கல்.
அதற்கு மேலே தண்ணீராய்த் தெளிந்து
மதியத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

இரவு எட்டேகால். எஸ்டேட் முழுக்க இருட்டு.
பக்கத்து லேத் பட்டறை பாதித் திருகில் நின்றது.
வால்வைத் திறந்தேன்.
மூன்று ட்யூப்லைட், ஒரு ஃபேன்.
வாட்ச்மேன் குப்புராமன் வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு
சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.
"ஜெனரேட்டரா? டீசல் வாடையே காணோமே."
"மத்தியான வெயில்."
"என் மண்டையைப் பிளந்ததே, அதுவா?"
"அதேதான்."
பருப்பைப் பிசைந்தபடி
விளக்கை ஒருமுறை முறைத்தார்.

இருநூற்று எழுபத்தொன்று.
அறுபத்திரண்டு.
ஐம்பத்தைந்து.
உறைந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும்,
நாளைக்கு ஜெபசீலியிடம் நான்தான் பதில் சொல்லவேண்டும்.
மூடத்தான் வேண்டும்.
ரசத்துக்கு வந்துவிட்டார்,
மோர் ஒன்றுதான் பாக்கி.