மொட்டைமாடியில் ஐந்து டிகிரி

சித்திரை வெயில். தார்ப்பாயின் கீழ்
மீன்பெட்டியில் ஐஸ்,
காசிமேட்டிலிருந்து ஆட்டோவில் வரும்போதே
கால்வாசி கரைந்தது போக.

மணிக்கட்டு வரை கைகளை உள்ளே விட்டு
பார்க்காமலே நட் முடுக்குகிறார் ஸ்தனிஸ்.
நான் போனில் நேரம் பார்க்கிறேன்.
நாலாம் நிமிஷம் விரல் சொன்னபடி கேட்கவில்லை.
ஆறாம் நிமிஷம் நட் நழுவி விழுந்ததை
நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினோரு வருஷம் துறைமுகத்துக்குள் முங்கி
புரொப்பல்லரில் சிக்கிய வலையை அறுத்த கை.
எண்ணெய் மிதக்கும், நாறும்,
ஆனால் குளிராது அந்தத் தண்ணீர்.
அடுத்த மாதம் நார்வே. சால்மன் கூண்டுகள்.

இறங்கும் முன்பே கையுறைக்குள் வெந்நீர் ஊற்றிக்கொள்,
என்றானாம் அங்கிருந்து பேசிய ஒருத்தன்.
தலையை நன்றாக மூடு, கை சூடாக இருக்கும்.
தலைக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.
ரத்தம், என்றார்.

பக்கத்து மாடியில் வடாம் பிழியும் செல்வராணி
எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்:
"ரெண்டு கட்டி குடுங்கக்கா, மோருக்கு."

இன்று பிளாஸ்கிலிருந்து நான் ஊற்றியது கூடுதல் சூடு.
ஆ என்று உதறினார். திட்டவில்லை.
கையுறைக்குள் இடிக்கிறதென்று
சோப்புப் போட்டு மோதிரத்தைக் கழற்றி
என்னிடம் தந்தார்.

பன்னிரண்டு நிமிஷம். நட் ஏறிவிட்டது.
வெளுத்துச் சுருங்கிய விரல்களை
கொதிக்கும் தளத்தில் அப்படியே பதிக்கப் போனார்.
மரத்த கைக்கு வெந்தாலும் தெரியாது.
பிடித்து இழுத்து
என் அக்குளில் செருகிக்கொண்டேன்.
நடுங்கியது நான்.