ஏழு நாள் கணக்கு

எர்ணாவூர் மேம்பாலம் தாண்டி
யாசின் பாய் பஞ்சர் கடை ஓரத்தில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை,
கட்டைவிரலுக்கு ஒரு கருவி.
அமுக்கினால் ஒன்று கூடும்.
நாளைக்கு நானூறு ரூபாய்,
சாப்பாடு நம்முடையது.

துறைமுக வேலைநிறுத்தம்
முந்தின ராத்திரிதான் முடிந்திருந்தது.
பத்து நாளாய் நின்ற டிரெய்லரெல்லாம்
அந்த வாரம் நகர்ந்தன.
அமுக்கினேன்.
விரல் வீங்கியதும் இடது கைக்கு மாற்றி
அமுக்கினேன்.

"டெய்லி இவ்ளோ வண்டி வராது தம்பி"
சொல்லித்தான் பார்த்தேன்.
கணக்கு வாங்க வந்த பையன்
"வர்றத மட்டும் எண்ணுங்கக்கா" என்றான்.
நல்ல பையன். மோர் வாங்கிக் கொடுத்தான்.

அந்த ஏழு நாளை ஒரு வருஷமாக்கி,
வருஷத்துக்கு எட்டு சதவீதம் ஏற்றி,
முப்பது வருஷத்துக்கு நீட்டி
ஏசி அறையில் யாரோ ஒரு கோடு போட்டார்கள்.
கோடு மேலே போனது.
அதைப் பார்த்து வங்கி கடன் கொடுத்தது,
அரசாங்கம் நிலம் கொடுத்தது,
கம்பெனி ரோடு போட்டது.

பொய் சொல்லக்கூடாது, நல்ல ரோடு.
ஐப்பசி மழையிலும் முழங்கால் தண்ணீர் இல்லை.
இடுப்பு வலியோடு ஆட்டோவில் ஏறிய ஜெபராணி
ஸ்டான்லி போய்ச் சேர்ந்துதான் பெற்றாள்.

லாரிதான் வரவில்லை.
டோலுக்குப் பயந்து பாதி
மணலிப் பள்ளங்களில் குலுங்கிப் போகின்றன.
மீதிச் சரக்கு
வேறு ஏதோ துறைமுகத்துக்குப் போய்விட்டதாம்.

குறைகிற வண்டிக்கு
அரசாங்கம் ஈடு கட்டும், ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றான்
பூத்தில் சீட்டு கிழிக்கும் என் தங்கை மகன் ஆல்வின்.
வராத லாரிக்கும் காசு.
அந்தக் காசு எங்கிருந்துடா?
சிரிக்கிறான்:
"நீ வாங்குற சோப்புலருந்துதான் பெரிம்மா."

வராத லாரிக்கு
யாசின் பாய்க்கு யார் கொடுப்பார்?
கம்ப்ரஸரை விற்றுவிட்டார்.
ரோட்டு நடுத்திட்டில் அரளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்,
அதே கம்பெனிக்கு, தினக்கூலிக்கு.
என்னைப் பார்த்தால் கை காட்டுகிறார்.
நான் எண்ணியது அவருக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ,
நான்தான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

ராத்திரியில் டிரெய்லர் சத்தம் கேட்டால்
கட்டைவிரல் தானாக மடங்குகிறது.
நேற்று விடியும்வரை படுத்தபடியே எண்ணினேன்.
நூற்றுப் பன்னிரண்டு.

இந்தக் கணக்கை வாங்க
யாரும் வரவில்லை.
மோரும் இல்லை.